வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள்?

(வெளிநாடு படிக்கச் செல்லும் மாணவ மாணவியருக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

உங்களில் பெரும்பாலோர் விசா, கல்லூரிக் கட்டணம், கல்விக்கடன், ஹலால் சாப்பாடு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்துடனும் தனியாக உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன், யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச விரும்புகிறோம். அதுதான் ஊர் நினைப்பு. வீட்டு ஏக்கம் என்றும் சொல்லலாம்.

"இதற்கெல்லாம் ஒரு கூட்டமா? போனால் பழகிவிடும்" என்று சிலர் நினைக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பழகிவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பழகும் வரை அந்தப் பிள்ளை என்ன பாடுபடுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. சில பிள்ளைகளுக்குப் பழகாமலே போய்விடுகிறது. வகுப்புக்குப் போவது நிற்கிறது, சாப்பாடு குறைகிறது, தொழுகை விடுபடுகிறது, கடைசியில் போனை எடுப்பதும் நிற்கிறது. விஷயம் ஊருக்குத் தெரியவரும்போது ஒரு வருடப் படிப்பும் குடும்பத்தின் சேமிப்பும் போயிருக்கும். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "இவ்வளவு செலவு பண்ணி அனுப்பினீங்க, எப்படிச் சொல்றது?"

சொல்ல முடியாமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆகவே ஊர் நினைப்பு வருவது ஈமானில் குறை இல்லை, ஆண்மைக்கு இழுக்கு இல்லை, படிப்பில் அக்கறை இல்லை என்பதற்கு அடையாளமும் இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்வோம்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு ஹதீஸ் தெரியும். நபி (ஸல்) அவர்கள் எப்படித் தொழுதார்களோ அப்படியே நாமும் தொழ வேண்டும் என்ற கட்டளை அதில் இருக்கிறது. தொழுகைப் பாடத்தின் முதல் நாளிலேயே உஸ்தாத் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தக் கட்டளை யாரிடம், எப்போது சொல்லப்பட்டது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்காது.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களுடைய கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே வயதுடைய இளைஞர்கள். மார்க்கம் படிப்பதற்காக மதீனாவுக்கு வந்து, நபியவர்களிடம் 20 நாட்கள் தங்கினார்கள். இன்றைய பேச்சில் சொன்னால் வெளியூரிலிருந்து வந்த விடுதி மாணவர்கள். ஆசிரியரோ அல்லாஹ்வின் தூதர். இடமோ மஸ்ஜிதுந் நபவி. இதைவிட மேலான படிப்பு உலகத்தில் எங்கும் கிடையாது. இருந்தும் அந்த இளைஞர்களுக்கு வீட்டு நினைப்பு வந்தது. அவர்கள் வாய் திறந்து சொன்னதாக ஹதீஸில் இல்லை. நபியவர்கள் தாமாகவே தெரிந்துகொண்டார்கள். வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். இளைஞர்கள் சொன்னார்கள். குடும்பத்தாரிடம் திரும்பிப் போங்கள், அவர்களோடு இருங்கள், கற்றதை அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். தொழுகை பற்றிய அந்தக் கட்டளையும் இப்படி வழியனுப்பும்போது சொன்ன பேச்சில் வந்ததுதான். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. நபியவர்கள் மிகுந்த இரக்கமும் மென்மையும் உடையவர்களாக இருந்தார்கள் என்பதையும் மாலிக் (ரலி) அவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. பிள்ளை சொல்வதற்கு முன்பே பெரியவர் கவனித்தார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். "படிக்க வந்துவிட்டு இப்படி ஏங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

ஸஹாபாக்களின் ஹிஜ்ரத்தையும் நினைத்துப் பாருங்கள். மக்காவை விட்டு மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும் பிலால் (ரலி) அவர்களுக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கே முளைக்கும் புல்லையும், குடித்த தண்ணீரையும், கண்ணில் பட்ட மலைகளையும் பெயர் சொல்லிச் சொல்லி ஏங்கினார்கள். எந்த மக்கா? சுடுமணலில் அவர்களைக் கிடத்தி நெஞ்சில் கல்லை ஏற்றிய மக்கா. அந்த ஊரைக்கூட மனம் தேடியது. நபியவர்களிடம் இதைச் சொன்னபோது பிலாலைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அதைவிட அதிகமாகவும், மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கி வை என்று அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். பழைய ஊரை மறக்கச் செய் என்று கேட்கவில்லை. புது ஊரும் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வெளிநாடு போகும் பிள்ளைகள் முதல் நாளிலிருந்து கேட்க வேண்டிய துஆவும் இதுதான்.

அடுத்து, நம் சமுதாயத்தின் பெரிய பயணி ஒருவரைப் பார்ப்போம். இப்னு பதூதா என்ற பெயரை நீங்கள் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சுமார் 30 ஆண்டுகள் உலகம் சுற்றியவர், நம் தமிழ்நாட்டுக்கும் வந்து மதுரை சுல்தானின் விருந்தாளியாக இருந்தவர். 1325-இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. ஃபிக்ஹு படித்த இளைஞர். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். சில வாரங்கள் கழித்து, உடம்பு சரியில்லாத நிலையில் தூனிஸ் நகரத்தை அடைந்தார். ஊர்க்காரர்கள் வெளியே வந்து கூட வந்த பயணிகளை வரவேற்றார்கள். ஆளாளுக்குத் தெரிந்தவர்கள் ஸலாம் சொன்னார்கள், கட்டித் தழுவினார்கள். இவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ஸலாம் சொல்லவும் யாரும் இல்லை. துக்கம் தாங்காமல் அழுதுவிட்டதாக அவரே தம் பயண நூலில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் வந்த ஒரு ஹாஜி அதைக் கவனித்தார். பக்கத்தில் வந்து ஸலாம் சொன்னார், அன்பாகப் பேச்சுக் கொடுத்தார், நகரத்துக்குள் போய்ச் சேரும் வரை உடனிருந்தார்.

அந்த ஹாஜியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் பணம் கொடுக்கவில்லை, பெரிய உபதேசம் செய்யவில்லை. ஒரு ஸலாம், கொஞ்சம் பேச்சு, கொஞ்ச தூரம் கூடவே நடந்தது. இவ்வளவுதான் செய்தார். பல ஆண்டுகள் கழித்துப் பயணக் கதையைச் சொல்லும்போதும் இப்னு பதூதா அதை மறக்கவில்லை. பிள்ளைகளே, நீங்கள் போகும் ஊரிலும் முதல் வாரத்தில் உங்களுக்கு இப்படி ஒரு ஆள் தேவைப்படுவார். அவரைத் தேடிக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் புதிதாக வரும் பிள்ளைக்கு நீங்கள் அந்த ஆளாக இருக்க வேண்டும்.

"இதெல்லாம் அந்தக் காலம், இப்போது டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்கலாம். வைத்திய உலகம் இதைக் கவனித்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தைப் பற்றித் தம் ஆய்வை எழுதினார். 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கியவரே அவர்தான். அவர் எழுதியவற்றில் ஒன்று, பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவனைப் பற்றியது. சோகத்தில் படுத்தவன், காய்ச்சல் கண்டு, பிழைப்பதே கடினம் என்ற நிலைக்குப் போய்விட்டான். ஊருக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். போகும் வழியிலேயே தேறத் தொடங்கினான். பெர்னுக்கும் பாசெலுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர்தான். விருத்தாசலத்திலிருந்து திருச்சி போகும் தூரம்கூட இல்லை. ஆகவே "பக்கத்து மாநிலத்தில் படிக்கிற பிள்ளைக்கு என்ன ஏக்கம்?" என்றும் நாம் எண்ணிவிடக் கூடாது.

இன்று இதை யாரும் தனி நோயாகப் பார்ப்பதில்லை. புது இடத்துக்கு மனம் பழகும்போது வரும் இயல்பான துக்கம் என்றே சொல்கிறார்கள். ஆனால் உடம்பில் அது தெரியும். தூக்கம் கெடும், பசி போகும், தலைவலி, வயிற்றுக் கோளாறு வரும், புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்காது. பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, அது ஊணையும் உறக்கத்தையும் தடுக்கிறது என்ற கருத்தில் நபிமொழியும் இருக்கிறதல்லவா?

நமக்குப் பக்கத்து வரலாறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கணிதமேதை ராமானுஜன் 1910-இல் வேலை தேடி நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கு வந்தவர். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி.ராமசாமி ஐயர் அப்போது அங்கே டெபுடி கலெக்டர். அவர் ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வியந்து, சென்னையிலுள்ள கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். அங்கிருந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து, 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜில் அவருடைய கணிதத்துக்குக் கிடைத்த மரியாதை எல்லோருக்கும் தெரியும். அறைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அவர் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாமல் அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டார். போன சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. ஊரிலிருந்து சாமான் வருவது சிரமம், ஊர் திரும்புவதும் சிரமம். குளிரோ பழக்கமில்லாத குளிர்.

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய மஹலனோபிஸ் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை, மேல்கோட்டும் சால்வையும் போர்த்தித் தூங்குகிறேன் என்று ராமானுஜன் அவரிடம் சொன்னாராம். இவர் போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தார்கள். அவற்றை இழுத்து உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். மஹலனோபிஸ் விரிப்பை விலக்கிக் காட்டினார். அவ்வளவு பெரிய அறிவாளிக்கும், வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கம்பளி கிடைத்தது. பிள்ளைகளே, தெரியாததைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஹீட்டர் எப்படிப் போடுவது, துணி எங்கே துவைப்பது, பஸ்ஸில் எப்படிக் கட்டணம் கட்டுவது என்று சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்துதான் ஒருவனை அறைக்குள் முடக்குகின்றன.

இன்னொரு பாடம் பெற்றோருக்கு. ராமானுஜன் அங்கே இருந்தபோது இங்கே அவருடைய வீட்டில் தாய்க்கும் மனைவிக்கும் பிணக்கு. மனைவி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேராதபடி வீட்டிலேயே தடுக்கப்பட்டன. அவரோ மனைவியிடமிருந்து ஒரு வரியும் வரவில்லையே என்று வாடினார். 1917-இல் நோய் கண்டு மருத்துவ விடுதிகளில் நாட்கள் கழிந்தன. 1918-இல் ஒருமுறை உயிரை விடவும் துணிந்தார். அல்லாஹ்வின் நாட்டம், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெரும் கௌரவமும் கிடைத்தது. வெளியே அவ்வளவு புகழ் வந்த ஆண்டிலேயே உள்ளே அவ்வளவு வேதனை இருந்திருக்கிறது. 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தமது 32-ஆம் வயதில் காலமானார். அவருடைய மரணத்துக்கு ஏக்கம்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை, உடல்நோய் இருந்தது. ஆனால் தனிமையும் சாப்பாட்டுச் சிரமமும் வீட்டிலிருந்து வராத கடிதமும் அந்த நோயாளியை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதை நாம் உணரலாம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். மத்திய அரசின் கணக்குப்படி 2024-இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நம் பகுதியிலிருந்தும் மருத்துவம் படிக்க ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்றும், மேல்படிப்புக்கு பிரிட்டன், ஜெர்மனி என்றும் பிள்ளைகள் போகிறார்கள். கடிதம் போய்ச் சேராத காலம் போய், நினைத்தவுடன் முகம் பார்த்துப் பேசும் காலம் வந்துவிட்டது. ஏக்கம் மட்டும் போகவில்லை. அதனால் இரு தரப்பாருக்கும் சில யோசனைகள் சொல்கிறோம்.

முதலில் பிள்ளைகளுக்கு.

ஒன்று: போனை அளவோடு வையுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை வீட்டு வீடியோவிலேயே இருந்தால் உடம்பு அங்கேயும் மனம் இங்கேயுமாகக் கிடக்கும். ஒரு நேரம் குறித்துக்கொண்டு பேசுங்கள். பிரிட்டனில் மஃரிபுக்குப் பிறகு பேசலாம் என்று நினைத்தால் கோடையில் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். இரண்டு ஊர் நேரத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு: முதல் ஜும்ஆவைத் தவறவிடாதீர்கள். அந்த ஊர்ப் பள்ளிவாசல் எங்கே என்று புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் பல பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர் அமைப்பு இருக்கிறது. தொழுகை அறை, ரமலானில் இஃப்தார் என்று ஏற்பாடு செய்வார்கள். பெண் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அங்குள்ள சகோதரிகளின் தொடர்பை வாங்கிக்கொள்ளுங்கள். தொழுது முடித்ததும் உடனே எழுந்து ஓடாமல், பக்கத்தில் இருப்பவருக்கு நீங்களே முந்தி ஸலாம் சொல்லுங்கள்.

மூன்று: சமையல் கற்றுக்கொண்டு போங்கள். ஆண் பிள்ளைகளுக்கும்தான் சொல்கிறோம். சோறு, பருப்பு, ஒரு குழம்பு, நோன்புக் கஞ்சி. இந்த நான்கும் தெரிந்தால் போதும். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடாதீர்கள். வாரம் ஒரு நாளாவது இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாப்பிடுங்கள். நம் முன்னோர் செய்ததும் இதுதான். சிங்கப்பூருக்கு வியாபாரத்துக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் 1826-இலேயே சூலியா பள்ளி எனப்படும் மஸ்ஜித் ஜாமிஆவை உண்டாக்கினார்கள். இன்றும் ரமலானில் அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறார்கள். வீட்டை விட்டு வந்தவர்கள் ஒன்றாக உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

நான்கு: வெளிச்சமும் நடையும். டிசம்பர் மாதம் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இருட்டே மனதை அழுத்தும். பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். சுபுஹுக்கு எழும் பழக்கத்தை விடாதீர்கள். தூக்க நேரம் ஒழுங்காக இருக்க அதுவே காவல்.

ஐந்து: ரமலானிலும் பெருநாளிலும் ஏக்கம் இரண்டு மடங்காகும். பெருநாளன்று பரீட்சைகூட இருக்கலாம். அந்த நாளை எங்கே, யாரோடு கழிப்பது என்று பத்து நாள் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இப்போது பெற்றோருக்கு.

போனில் நாம் என்ன கேட்கிறோம் என்று கொஞ்சம் கவனிப்போம். "சாப்பிட்டியா? மார்க் எவ்வளவு? பணம் இருக்கா?" இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. மூன்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். "இன்னைக்கு யாரோடு பேசினே? ரூமில் கூட இருக்கிற பிள்ளை எந்த ஊர்? நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் நிலைமை தானாக வெளியே வரும்.

"வீடு ஞாபகமாவே இருக்கு அத்தா" என்று ஒரு பிள்ளை சொன்னால், கடனை நினைவூட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். "எங்களுக்கும் உன் ஞாபகம்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அத்தாமார்கள் இதை அம்மாவின் வேலை என்று விட்டுவிடுவது உண்டு. நபியவர்களே கேட்டிருக்கும்போது நாம் கேட்பதில் என்ன கூச்சம்?

வீட்டில் ஒரு மவுத்தோ பெரிய நோயோ வந்தால், "பரீட்சை முடியட்டும்" என்று மாதக்கணக்கில் மறைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் நன்னியின் ஜனாஸா முடிந்து மூன்று மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும் பிள்ளை, பிறகு வீட்டிலிருந்து வரும் எந்த வார்த்தையையும் நம்பாது. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் எதை மறைக்கிறார்களோ என்று நடுங்கும். இப்னு பதூதா தம் தந்தை காலமான செய்தியைப் பல ஆண்டுகள் கழித்து டமாஸ்கஸில்தான் அறிந்தார். அன்று செய்தி வர வழியில்லை. இன்று வழி இருக்கிறது. பக்கத்தில் ஒரு நண்பர் இருக்கும் நேரமாகப் பார்த்து, மென்மையாக, உண்மையைச் சொல்லுங்கள். சேர்ந்து துஆ செய்யுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று சொன்னால் உடனே புரியும். செராமிக் தொழிற்பேட்டையில் அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமானை யாரும் நேரே வெயிலில் வைப்பதில்லை, சூளையிலும் ஏற்றுவதில்லை. நிழலில் மெல்லக் காயவிடுவார்கள். சுட்ட பிறகும் சூளையை உடனே திறக்காமல் ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் விரிசல் விடும். புதிதாகப் போன பிள்ளைக்கும் முதல் சில மாதங்கள் அந்த நிழல் காலம். அந்த மாதங்களில் மதிப்பெண் கேட்டு விரட்டாதீர்கள். பிள்ளைகளும் முதல் மாத அழுகையை வைத்துப் படிப்பை விட்டுவிட முடிவு செய்யாதீர்கள்.

எதுவரை பொறுப்பது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை, வகுப்புக்குப் போகவில்லை, யாரோடும் பேச்சில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது ஊர் நினைப்பைத் தாண்டிப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர் இருக்கிறார், அதற்குத் தனிக் கட்டணம் இருப்பதில்லை. பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம். பிரிட்டனில் முஸ்லிம் இளைஞர்களுக்கென்றே 'முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன்' 2001 முதல் இயங்குகிறது. இங்கே பெற்றோர் ஆலோசனை கேட்க மத்திய அரசின் 'டெலி மானஸ்' 14416 இருக்கிறது. தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. காய்ச்சலுக்கு ஓதிப் பார்க்கிறோம், டாக்டரிடமும் காட்டுகிறோம். இதற்கும் அதே வழிதான்.

போனவுடன் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யுங்கள். 2022-இல் உக்ரைனில் போர் வந்தபோது 'ஆபரேஷன் கங்கா' மூலம் 20,000-க்கும் மேற்பட்டோரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிள்ளை எங்கே இருக்கிறது என்ற விவரம் தூதரகத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அன்று எல்லோரும் பார்த்தோம்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி, குறைந்தது 54 மாதப் படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில்தான் முடிக்க வேண்டும். "பிடிக்கவில்லை என்றால் பாதியில் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். ஆகவே நாட்டையும் கல்லூரியையும் தேர்ந்தெடுக்கும்போதே பிள்ளையிடம் கேளுங்கள்: அந்தக் குளிர், அந்த மொழி, அந்தத் தனிமை உனக்கு ஒத்துவருமா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை, புறப்படும் முன்பு பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

எவ்வளவு முயன்றும் முடியாமல் ஒரு பிள்ளை திரும்பி வந்தால்? அந்தப் பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கப்போகிறது? கல்யாண வீட்டில் "என்ன, பாதியில் வந்துட்டியாமே?" என்று கேட்கும் வாய்களை நாம்தான் அடக்க வேண்டும். வீட்டுக்குப் போங்கள் என்று அந்த இளைஞர்களை அனுப்பிவைத்தது அல்லாஹ்வின் தூதர். அதற்காக அவர்களைப் பாதியில் வந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் வழியாகத்தான் தொழுகையின் அந்தப் பாடம் நம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இந்த ஆண்டு முதல் நம் அறக்கட்டளை ஓர் ஏற்பாடு செய்கிறது. நம் உதவியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையோடும் மாதம் ஒருமுறை ஒருவர் பேசுவார். ஆண் பிள்ளைகளோடு ஒரு சகோதரரும் பெண் பிள்ளைகளோடு ஒரு சகோதரியும் பேசுவார்கள். மதிப்பெண் கேட்க மாட்டார்கள், பணக் கணக்கும் கேட்க மாட்டார்கள். பிள்ளை சொன்னது உயிருக்கு ஆபத்தான விஷயமாக இருந்தாலொழிய வேறு காதுக்குப் போகாது. வெளிநாட்டில் படித்து முடித்த நம் ஊர்ப் பிள்ளைகளே இதற்கு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, இங்கேயே இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குகிறவர்களில் எத்தனையோ பேர் வெளியூர்ப் பிள்ளைகள். செராமிக் டெக்னாலஜி படிக்க மற்ற மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். ஓட்டலிலும் கட்டட வேலையிலும் பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்கு வந்து கடைசி வரிசையில் தொழுதுவிட்டு, யாரிடமும் பேசாமல் செருப்பைத் தேடிக்கொண்டு போகிறார்களே, அவர்களுக்கும் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஓர் அம்மா இருக்கிறார். நம் பிள்ளைக்குத் தூனிஸில் ஒரு ஹாஜி கிடைக்க வேண்டும் என்று துஆ செய்யும் நாம், இந்தப் பிள்ளைகளுக்கு முந்தி ஸலாம் சொல்வோம். பாஷை தெரியாவிட்டாலும் ஸலாம் எல்லோருக்கும் தெரியும். இந்த ரமலானில் கஞ்சி வாங்க நிற்கும் பிள்ளையிடம் "வீட்டில் யார் யார் இருக்காங்க?" என்று கேட்போம்.

யா அல்லாஹ்! கல்வி தேடி வீட்டை விட்டுப் புறப்படும் எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் உடலையும் மனதையும் பாதுகாப்பாயாக. அவர்கள் போகும் ஊரை அவர்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக. அவர்களைப் பிரிந்திருக்கும் பெற்றோரின் நெஞ்சுக்கு அமைதியைத் தருவாயாக. எல்லோரையும் நலமாக ஊர் சேர்ப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.